சாப்பாடு நன்றாக இருந்தது

வீகோ, 5 நவம்பர் 2018

அப்பா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் பலமுறை கூப்பிட்டதைப் பார்த்தேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கடைசியில் யார் முதலில் வைத்தார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தின் நடுவில் புகுந்து யாரும் கத்த முடியாது.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஏன் எழுந்து போனாய் என்று கேட்டுச் செய்தி விட்டிருக்கிறீர்கள். "வயிறு சரியில்லையா?" என்று வேறு. வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

கல்லறைத் திருநாளுக்காக நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வந்தேன். காலையில் அம்மாவுக்குப் பூ வைத்தோம். நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அங்கிருந்து நேராக, "வா, உன்னை ஒரு நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அழைத்துப் போனீர்கள். பெனீத்தோ பாரை விற்றுவிட்டுப் போன பிறகு அந்த இடத்தில் தாய்லாந்துக்காரி ஒருத்தி கடை போட்டிருக்கிறாள், அங்கேதான் தினமும் சாப்பிடுகிறேன் என்று நீங்கள் முன்பு போனில் சொன்னபோதே எனக்கு நம்பிக்கையில்லை. வெங்காயம் கொஞ்சம் கருகினால் வீட்டை இரண்டாக்கும் மனிதர் நீங்கள்.

ஆறு மேசை. பெனீத்தோவின் அதே பழைய கவுண்டர். அதற்கு மேலே ஒரு சின்ன மாடத்தில் ஊதுவத்தி. நீங்கள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். சூப் வந்தது, புளிப்பும் காரமுமாக. உங்கள் மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர் வந்தது, நீங்கள் சிரித்தீர்கள். ரொட்டி எங்கே என்று கேட்கவில்லை. உப்பு கேட்கவில்லை. அந்த அம்மாள் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்து, "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு வான்பென், நன்றி" என்றீர்கள். பிறகு, அடுத்தது வருவதற்குள், காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனீர்கள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் அப்பா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்ற வாக்கியத்தை உங்கள் வாயால் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கு நாற்பத்தொன்பது வயது. அம்மா கேட்காமலே போய்விட்டாள். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் பருப்பு வடிந்த இடத்துக்கு அவள் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. தூரிகையைப் பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றவள் நான்.

நியேவெஸ்

*

சரகோசா, 13 நவம்பர்

நியேவெஸ்,

கடிதம் வந்தது. உனக்கு எழுத வருமென்றால் எனக்கும் வரும். பஸ் ஓட்டிய கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

நீ அப்படி எழுந்து போனதும் வான்பென் வெளியே ஓடி வந்து பார்த்தாள். "பொண்ணுக்குக் காரம் ஒத்துக்கலையா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? ஆமாம் என்றேன். உனக்காக என்று சந்தையில் நல்ல இறாலாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். அது வருவதற்குள் நீ போய்விட்டாய். ஊருக்கு முன்னால் என் முகத்தில் கரி பூசிவிட்டுப் போய், இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாய்.

உன் அம்மாவை நான் ஒரு நாளும் கை நீட்டித் தொட்டதில்லை. பக்கத்து வீட்டு ஆண்களெல்லாம் எப்படி இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். நான் குடித்துவிட்டு வந்தது கிடையாது. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, நாள் முழுக்க ஜனங்களிடம் திட்டு வாங்கிவிட்டு வருகிறவனுக்கு ஒரு வாய் சூடான சோறு கேட்க உரிமை இல்லையா? தட்டு ஒன்றிரண்டு தடவை விழுந்திருக்கும். எந்த வீட்டில் விழவில்லை?

நீ பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவள். அவள் அழுதாளா, சிரித்தாளா என்று பார்க்க நீ இங்கே இருந்தாயா? அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போன நீ, இப்போது அவளுக்காக வக்காலத்து வாங்குகிறாய்.

அன்றைக்கு உன்னிடம் ஒன்று சொல்லத்தான் கூட்டிப் போனேன். சொல்லவிடவில்லை. இப்போது எழுதுகிறேன். வான்பென்னைக் கல்யாணம் செய்துகொள்ள எண்ணம். அவளிடம் கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

அப்பா

*

வீகோ, 21 நவம்பர்

அப்பா,

ஒன்றிரண்டு தடவை விழுந்திருக்கும் என்கிறீர்கள். தட்டு தானாக விழாது. அவ்வளவு கோபத்திலும் உங்கள் குறி தப்பியதில்லை. எப்போதும் அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளித்தான் சுவரில் படும். கை நீட்டவில்லை என்று பெருமையாக எழுதுகிறீர்கள். நீட்டத் தேவையே இருக்கவில்லை.

விட்டுவிட்டுப் போனேன். ஆமாம். அதை நீங்கள் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கல்யாணச் செய்தியை இரண்டு முறை படித்தேன். எழுபத்திநாலு வயதில் உங்களுக்குத் துணை கிடைப்பதில் எனக்குப் பொறாமையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். யாரைக் கட்டப் போகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? மூக்கு ஒழுகச் சிரிக்கிற, தட்டுக் கழுவிக்கொடுக்கிற ஒரு கிழவரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். உங்களுக்குள் இருக்கும் அந்த இன்னொரு மனிதரை நானும் அம்மாவும்தான் பார்த்தோம். நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் சொல்வேன்.

நியேவெஸ்

*

சரகோசா, 28 நவம்பர்

நியேவெஸ்,

அவளிடம் ஒன்றும் சொல்லாதே.

மிரட்டலுக்குப் பயந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அது நம் வீட்டு விஷயம். உன் அம்மாவே வெளியில் யாரிடமும் சொன்னதில்லை, சொந்த அக்காவிடம்கூட. அவள் காத்த மானத்தை நீ கடைத்தெருவில் போடாதே.

காலையில் நான் போய் அவளுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கிறேன். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அவள் அதிகம் பேசமாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் பாதி வார்த்தைகள் புரியாது, அதுவே நல்லதாக இருக்கிறது. மத்தியானம் ஆட்கள் வந்ததும் சன்னல் ஓரத்தில் என் இடத்துக்குப் போய்விடுவேன். என் நாள் அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் எனக்கு டிவிதான் மிச்சம். உனக்கு வீகோவில் புருஷன் இருக்கிறான், கண்ணாடிக் கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை இருக்கிறது. என்னிடம் இருப்பதில் கை வைக்காதே.

கேட்டுக்கொள்கிறேன். நான் யாரிடமும் இப்படி எழுதியதில்லை.

அப்பா

*

வீகோ, 14 டிசம்பர்

அப்பா,

செவ்வாய்க்கிழமை சரகோசா வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்த் தூங்கும் நேரம் பார்த்து அந்தக் கடைக்குப் போனேன். திருடியைப் போல் என்று நீங்கள் சொல்லலாம். அப்படித்தான் இருந்தது.

கடையில் யாரும் இல்லை. வான்பென் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தெரியுது, மூக்கு அவரோடதுதான்" என்றாள். நான் பேச வாயெடுத்தேன். "போன தடவை பாதியில எழுந்து போனீங்க. இப்ப முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒட்டும் சோறும், புதினாவும் எலுமிச்சையும் பிழிந்த கொத்துக்கறியும் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும்தான்.

"எங்கப்பாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"தட்டு எறிவாரு, அதானே?" என்றாள்.

 அவள் சிரிக்கவில்லை. "கடை தொறந்த புதுசுல வந்தாரு. இங்க பழைய பார் இல்லைங்கிறதே அவருக்குப் புடிக்கல. பருப்பு எங்க, ரொட்டி எங்கன்னு தினமும் சண்டை. ஒரு நாள் சூப் புளிக்குதுன்னு கிண்ணத்தைக் கையால தள்ளி விட்டாரு. கடை நிறைய ஆளுங்க. கிண்ணம் தூள் தூள். நான் கிட்டப் போயி, வெளிய போங்கன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. மறுபடியும் சொன்னேன். போயிட்டாரு."

"அப்புறம்?"

"நான் பெருக்கல. சுத்தி நாலு நாற்காலியைப் போட்டு அப்படியே விட்டேன். வர்ற போறவங்கள்லாம் என்னன்னு கேட்டாங்க, ஒருத்தர் வந்து பெருக்குவாருன்னு சொன்னேன். மறுநாள் கதவு தொறக்குற நேரத்துக்கு வந்து நின்னாரு. தொடப்பத்தைக் கையில குடுத்தேன். பெருக்குனாரு. அன்னையில இருந்து ஒரு நாளும் குரல் ஒசத்தினதில்ல."

அவளுக்கும் ஒரு புருஷன் இருந்திருக்கிறான், பக்கத்தில் தெருவேல் என்ற ஊரைச் சேர்ந்தவன். "அவனும் தட்டுலதான் ஆரம்பிச்சான். கடைசியில என் மேலயே கை வெச்சான். அதனால தட்டுலயே நிறுத்திடணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, குத்திக்காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "உங்கம்மா ஏன் வெளிய போன்னு சொல்லல?" என்று கேட்டாள்.

"எங்க போகச் சொல்றது? வீடு அவரோடது."

"ஆமா" என்றாள் அவள். "கடை என்னோடது."

அப்பா, அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த கோபம் முன்பு ஒருபோதும் வந்ததில்லை. இத்தனை வருஷமும், அவர் சுபாவம் அது, அவரால் முடியாது, பாவம் என்றுதான் நானும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா அதை நம்பியே செத்தாள். ஆனால் ஒரே மத்தியானத்தில் நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். முன்பின் தெரியாத ஒருத்தி இரண்டு வார்த்தை சொன்னாள், நின்றுவிட்டது. உங்களால் எப்போதும் முடிந்திருக்கிறது. எங்களுக்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நீங்கள் உப்பு, தண்ணீர், வினிகர் என்று கேட்கக் கேட்க எடுத்துத் தர வேண்டுமென்று அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியேதான் எப்போதும் சாப்பிட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து படுக்கையிலேயே வைத்தாள். அம்மா என்னைப் பார்த்து, "உக்காந்துக்கிட்டே சாப்பிடலாமாடி?" என்று கேட்டாள்.

வான்பென் என் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "எத்தனை வருஷம் அப்படி?" என்று கேட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து என்றேன். எழுந்து போய்ப் பாத்திரங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். உங்களைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நியேவெஸ்

*

சரகோசா, 9 ஜனவரி 2019

போட்டுக் கொடுத்துவிட்டாய். திருப்திதானே?

கிறிஸ்துமஸ் கழிந்ததும் அவள் பதில் சொன்னாள். கடையைப் பூட்டிவிட்டு என்னை உட்கார வைத்துச் சொன்னாள். நீ எழுதினாயே, அதுபோல நானும் அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்.

"உங்களை எனக்குப் புடிக்கும், எவாரிஸ்தோ. ஆனா நீங்க ஒழுங்கா இருக்கிறது நான் வெளிய போன்னு சொல்ல முடியும்கிறதாலதான். கல்யாணம் ஆயிட்டா அதைச் சொல்ல முடியாது. தினமும் அதை மனசுக்குள்ள வெச்சுக்கிட்டுப் பக்கத்துல படுக்க என்னால ஆகாது."

நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன். "இருக்கலாம்" என்றாள். சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். வந்துவிட்டேன்.

நீ வந்து போகும் வரை அவள் மனதில் வேறு எண்ணம் இருந்தது. எனக்குத் தெரியும். மூன்று அரசர் திருநாளுக்கு எங்கே கேக் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவள். செத்தவளைத் தோண்டி எடுத்துக்கொண்டுவந்து என் மேசையில் உட்கார வைத்துவிட்டாய்.

இப்போது அங்கே போவதில்லை. டப்பா மீனைத் திறந்து சாப்பிடுகிறேன். ஈஸ்டருக்கு வராதே.

அப்பா

*

வீகோ, 20 ஜனவரி

அப்பா,

அவள் மறுத்ததில் எனக்குச் சந்தோஷம். அதற்காக வெட்கப்பட முயன்றேன். வரவில்லை.

ஆனால் இரண்டாவது முறை படித்தபோது உங்கள் கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. அவள் பேசியதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை இப்படி உங்களால் எழுத முடியுமா? நான் கேலிக்குக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. யோசித்துப் பாருங்கள்.

டப்பா மீன் உங்கள் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. கடைக்கு வராதே என்று அவள் சொல்லவில்லையே. போய்ச் சாப்பிடுங்கள்.

ஈஸ்டருக்கு வருவதாக நான் எப்போதும் சொன்னதில்லை.

நியேவெஸ்

*

சரகோசா, 17 மார்ச்

நியேவெஸ்,

யோசித்தேன். ஒரு வாக்கியம் இருக்கிறது. "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்." வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவள் பேசாதவளா, நான் கேட்காதவனா என்று நீ ஆரம்பிக்க வேண்டாம். கேட்டாய், எழுதினேன்.

கடைக்குப் போனேன். ரொம்ப நாள் போகாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. சன்னல் ஓரத்து மேசையில் யாரோ இருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். என் கையில் மெனு அட்டையைக் கொடுத்தாள். அவள் கடையில் நான் அட்டை பார்த்ததே கிடையாது. அவள் எதைக் கொண்டுவந்து வைக்கிறாளோ அதுதான் என் சாப்பாடு. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு நம்பரைச் சொல்லி வாங்கினேன். என்ன வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, ஏதோ நூடுல்ஸ். முடித்துவிட்டு, சாப்பாடு நன்றாக இருந்தது என்றேன். "நன்றி ஐயா" என்றாள். தட்டை எடுக்க எழுந்தேன். "விடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

தினமும் போகிறேன். எல்லாரையும் போல.

எழுத வந்தது வேறு. கல்லறைத் தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உன் அம்மாவின் சவப்பெட்டியை வைத்த அந்தக் கல்லறைச் சுவரில், அவளுக்குப் பக்கத்து மாடம் எனக்கென்று அப்போதே எடுத்து வைத்தது உனக்குத் தெரியாது. குத்தகையை இப்போது புதுப்பிக்க வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது, உன் பெயருக்கே மாற்றிவிடலாம் என்கிறார்கள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் போனதும் என்னை அங்கே வைத்துவிடு. அதற்குமேல் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அப்பா

*

வீகோ, 2 ஏப்ரல்

அப்பா,

கையெழுத்துப் போட்டு அவர்களுக்கே நேராக அனுப்பிவிட்டேன். இடம் என் பெயரில் இருக்கும். நாளைக்கு அங்கே அம்மா பக்கத்தில் நான்தான் இருப்பேன்.

இதை எப்படி எழுதினாலும் கொடுமையாகத்தான் இருக்கும், அதனால் சுற்றி வளைக்கவில்லை. அம்மா உங்கள் பக்கத்தில் இருந்தது போதும். அவளிடம் கேட்டிருந்தால், "பரவாயில்லடி, அப்பா பாவம்" என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவளுக்குப் பதிலாக நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவளுக்காக யாரும் உங்களை வெளியே போகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஊரை விட்டு ஓடினேன்.

நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன செலவானாலும் நான் தருகிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் கூப்பிடுங்கள், வருவேன். மகள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்வேன். இதை மட்டும் செய்யமாட்டேன்.

நியேவெஸ்

*

சரகோசா, 15 ஏப்ரல்

நியேவெஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்தெறியலாம் என்று எழுந்தேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் இன்னொரு தடவை படித்தேன்.

சரி.

நேற்று இறுதிச் சடங்கு அலுவலகத்துக்குப் போய், என்னை எரித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மேசையில் ஒரு சின்னப் பெண், மரியாதையான பெண். "சாம்பலை என்ன பண்றது ஐயா? யார் வாங்கிக்குவாங்க?" என்று கேட்டாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளும் சரி என்று குறித்துக்கொண்டாள்.

படியிறங்கி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது, வீட்டில் கேட்க யாரும் இல்லை என்று.

அப்பா